வயிற்றுக்குள் ஒரு ஹெட்லைட்

கேமரா வாங்கிய புதிதில் எந்த ஆணையும் அவன் குடும்பத்தார் நம்பக் கூடாது. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் தாலி கட்டும் நேரத்தில் அவன் வாழைமரத்தில் ஊரும் எறும்பைப் படம் எடுத்துக்கொண்டிருப்பான். பந்தியில் உட்கார்ந்தால் "இரு, இரு, ஆவி போகுது" என்று கத்தி, பக்கத்து இலைக்காரரின் ரசத்தையும் சேர்த்து ஆறவைப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன். முகப்பேரில் எங்கள் ஃபிளாட் பால்கனியில் நின்று எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நான் எடுத்த படங்களை மட்டும் வைத்தே ஒரு கண்காட்சி நடத்தலாம். (எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்து, "சார், எங்க டேங்க்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டேவிட்டார்.) இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்ததால் என் மனைவி சுமதி என்னை நம்பவில்லை. என் அக்கா நம்பினாள். வந்தது வினை.

அக்கா கலைவாணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை. கோவில்பதாகையிலிருந்து பஸ், ரயில், ஷேர் ஆட்டோ என்று வருஷக்கணக்காகப் பிதுங்கிப் போய்வந்தவள், ஒருநாள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். சொல்லித் தந்த ஆள் முதல் நாளே, "உனக்கெல்லாம் எதுக்கும்மா காரு? பின் சீட்ல ஜம்முனு குந்திகினு போறத உட்டுட்டு" என்றாராம். வேறொருத்தியாக இருந்தால் அழுதுகொண்டு வந்திருப்பாள், இல்லை அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். அக்கா அந்த ஆளிடமே ஒழுங்காக முழுசும் கற்றாள். லைசென்ஸ் எடுத்தாள். ஓட்டி ஓட்டிக் கை பழகினாள். சொல்லித் தருவதற்கான தகுதியையும் படித்து வாங்கினாள். அப்புறம் வேலையை விட்டுவிட்டு வந்து, "பொம்பளைங்களுக்குப் பொம்பளையே சொல்லித் தர்ற டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கப் போறேன்" என்றாள். எனக்கு அவளைக் கண்டால் அன்றும் சரி, இன்றும் சரி, கொஞ்சம் பயம், மீதியெல்லாம் பெருமை.

கோவில்பதாகை மெயின் ரோட்டில் ஒரு சின்ன அறை. செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்புக் கார். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதால் இடது பக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்திருந்தார்கள், கற்றுக்கொடுப்பவர் அமுக்குவதற்கு. இந்த ஏற்பாட்டைக் கண்டு உலகத்திலேயே அதிகம் மகிழ்ந்தவர் அக்காவின் கணவர், என் மாமா ஏகாம்பரம். அவர் ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். அக்காமேல் கொள்ளைப் பிரியம், அவள் ஓட்டும் கார்மேல் கொள்ளைப் பயம். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தரையையே அமுக்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு நிஜமாகவே ஒரு பிரேக் கிடைத்தால் விடுவாரா?

திறப்பு விழாவுக்கு ஒரு பேனர் வேண்டும். மற்ற டிரைவிங் ஸ்கூல் பேனர்களில் எல்லாம் மேல்கூரை இல்லாத வெளிநாட்டுக் கார் ஒன்று மலைப்பாதையில் பறக்கும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"வாசல்ல நிக்கிறது ஒண்ணு, பேனர்ல பறக்குறது ஒண்ணு. அதெல்லாம் நமக்கு வேணாம். வர்றவங்க எந்த வண்டியில உக்காரப் போறாங்களோ அந்த வண்டியத்தான் போடணும். அழகாவும் இருக்கணும், பொய்யாவும் இருக்கக் கூடாது."

மாமா தன் போனில் பகலில் எடுத்த படத்தைக் காட்டினார். கார் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பளபளப்பான கதவில் மாமாவின் தொப்பை தெரிந்தது, பானெட்டில் கரண்ட் கம்பி தெரிந்தது, பின்கதவில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த பாவாடை தெளிவாகத் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கவலையோடு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நான் தொண்டையைச் செருமினேன். (அந்த நேரத்தில் யாராவது என் வாயில் ஒரு மைசூர்பாகைத் திணித்திருக்கலாம்.)

"அக்கா, காரைப் பகல்ல எடுக்கவே கூடாது. ராத்திரியில, லைட் பெயின்டிங்ல எடுக்கணும்" என்றேன்.

அது என்னவென்று இருவருக்கும் விளக்கினேன். இருட்டான இடத்தில் காரை நிறுத்த வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, ஷட்டரை அரை நிமிஷம் திறந்தே வைக்க வேண்டும். அந்த அரை நிமிஷத்துக்குள் நீளமான எல்.இ.டி. விளக்குக் குச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி நடக்க வேண்டும். வெளிச்சம் தடவிய இடமெல்லாம் படத்தில் பதியும், தடவாத இடம் இருட்டாகவே இருக்கும். பாவாடை, தொப்பை, கரண்ட் கம்பி எதுவும் விழாது. கதவின் வளைவு, பானெட்டின் மடிப்பு எல்லாம் கோடு போட்ட மாதிரி வரும். சுருக்கமாகச் சொன்னால் தூரிகைக்குப் பதில் விளக்கு.

"அப்ப வெளக்கப் புடிச்சுக்கினு நடக்குற ஆளு படத்துல உழ மாட்டானா?" என்று மாமா சரியாகக் கேட்டார்.

"கறுப்பு டிரெஸ் போட்டுகிட்டு, நிக்காம நடந்துகிட்டே இருந்தா விழவே மாட்டான் மாமா. நின்னாதான் ஆவி மாதிரி பதிவான். நான் எத்தனை வீடியோ பார்த்திருக்கேன் தெரியுமா?"

எத்தனை வீடியோ பார்த்தாய் என்பதை விட்டுவிட்டு எத்தனை படம் எடுத்தாய் என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அக்கா கேட்கவில்லை. தம்பி மேல் நம்பிக்கை.

கார்த்திகை மாசம். வாரம் முழுக்க மழை கொட்டித் தீர்த்து, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வானம் வெளுத்தது. ஆவடி ஃபிளெக்ஸ் கடைக்காரர், ஒன்பது மணிக்குள் படம் வந்தால் விடிவதற்குள் பேனர் தயார், இல்லையென்றால் தன்னைத் திட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். கறுப்பு பேன்ட்டைத் தேடினால் சுமதி அதை ஊறவைத்திருந்தாள். பீரோவைக் கிளறியதில் முந்தின வருஷம் சபரிமலைக்குப் போனபோது கட்டிய கறுப்பு வேட்டியும் கறுப்புச் சட்டையும்தான் கிடைத்தன. ஆனால் இந்தத் தடவை நான் மாலை போடவில்லை. மத்தியானம் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் சாப்பிட்டிருந்தேன். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்ததில் முகத்தில் தாடி வேறு மண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது, கச்சிதமான புகைப்படக் கலைஞன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

திருநின்றவூர் ஏரிக்குப் பக்கத்தில் கல் நட்டுப் பிரித்துப்போட்ட காலி மனைகள் இருக்கின்றன. தெருவிளக்கு இன்னும் வரவில்லை. அக்காதான் ஓட்டினாள். மாமா இடது சீட்டில். எதிரில் மாடு வந்தால் பிரேக், பஸ் வந்தால் பிரேக், எதுவும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு பிரேக். பின் சீட்டில் நான் கேமராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினேன்.

"ஏங்க, இன்னொரு தடவை அமுக்கினீங்கன்னா பட்டாபிராம்லயே எறக்கி விட்டுடுவேன்" என்றாள் அக்கா.

"நான் இன்னா பண்றேன் கலா? காலு தானா போவுது."

ஏழு மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. கேமராவை நிறுத்திக் குறிபார்த்தேன். தூரத்திலிருந்தே ஷட்டரை இயக்கும் சின்ன ரிமோட்டை அக்கா கையில் கொடுத்தேன். மாமா கொசுவுக்குப் பயந்து காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டி, விளக்குக் குச்சியை ஏந்தி, காரைச் சுற்றி நடந்தேன். முடித்துவிட்டு ஆசையோடு திரையைப் பார்த்தால், காருக்குப் பின்னால் தீப்பிடித்து எரிகிற மாதிரி செக்கச்செவேல் என்று ஒரே சிவப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நேராகப் போய் இடது கதவைத் திறந்தாள்.

"பிரேக்கை அமுக்கினீங்களா?"

"ஒரு கொசு கடிச்சுச்சு கலா."

"கொசு கடிச்சா ஏங்க பிரேக்கை அமுக்குறீங்க?"

"எனுக்கு எது நடந்தாலும் காலு அங்கதான் போவுது" என்றார் மாமா பரிதாபமாக. பின்பக்க சிவப்பு விளக்கு அரை நிமிஷமும் எரிந்திருக்கிறது. மாமாவை வெளியே இறக்கி, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தோம். இனிமேல் எது நடந்தாலும் அவர் விரல் அந்தப் பொத்தானுக்குத்தான் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. அடுத்த கால் மணி நேரத்தில் என் முதுகு, அக்காவின் செருப்பு, ஏரிப்பக்கமிருந்து வந்த நாய் என்று பல நல்ல படங்கள் கிடைத்தன.

அதற்கடுத்த முயற்சியில் எல்லாம் சரியாக இருந்தது, நான் ஒருவன்தான் சரியாக இல்லை. ஈரமண்ணில் வேட்டி காலில் சிக்கித் தடுமாறினேன். விளக்கு என் கையில் எகிறிக் குதித்து, காரின் மேல் குழந்தை கிறுக்கிய மாதிரி ஒரு கோட்டைப் போட்டுவிட்டது. அதற்குள் மணி எட்டாகிவிட்டது. அக்கா கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். அது எனக்குத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

விழுந்தடித்துக்கொண்டு மறுபடி சுற்றத் தொடங்கினேன். பானெட் வரைக்கும் வந்திருப்பேன், ஓர் ஆட்டோ முழு வெளிச்சத்தோடு வந்து எங்கள் எதிரில் நின்றது. டிரைவர் இறங்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"சாமி சரணம்!" என்று என் காலில் விழுந்துவிட்டார்.

நான் பதறிப்போனேன். "ஐயோ, எழுந்திருங்க, நான் சாமி இல்லீங்க."

"எந்த சாமி நான்தான் சாமின்னு ஒத்துகினுது?" என்றார் அவர் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டே. "மாடிலேருந்து பாத்துகினே கீறோம் சாமி. நாங்கல்லாம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பயம் வச்சு, கற்பூரம் காட்டித்தான் பாத்துகீறோம். நீங்க வெளக்காலயே வண்டிய மூணு தபா சுத்துறீங்க! இன்னா பூஜை சாமி இது? நம்ம வண்டிக்கும் ஒரு சுத்து சுத்தி உடுங்க. வாங்குன நாள்லேருந்து பஞ்சர்தான்."

அந்த மனைகளின் ஓரத்தில் புதிதாக நாலைந்து வீடுகள் இருந்தன. அவர் போனில் கூப்பிட்டதும் அத்தனை வீட்டு வண்டிகளும் வந்துவிட்டன. இன்னும் இரண்டு ஆட்டோ, ஒரு பால்காரர் பைக், கடைசியாக ஆடி அசைந்து ஒரு தண்ணீர் லாரி. எல்லாம் ஹெட்லைட்டோடு. கும்மிருட்டைத் தேடி வந்த எங்களுக்குக் கல்யாண மண்டப வாசல் மாதிரி வெளிச்சம். மத்தியானம் தின்ற சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் வேறு ஞாபகத்துக்கு வந்தது. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை, ஆசீர்வாதம் பண்ணவும் கை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் திருதிருவென்று விழித்தேன். மாமா என் காதருகே வந்து, "மச்சான், தட்சணை குட்தா வாங்கிடாத, பாவம்" என்றார்.

அக்கா முன்னால் வந்தாள். இடுப்பில் கை வைத்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். பர்சேஸ் டிபார்ட்மென்ட்டில் தரமில்லாத சரக்கைத் திருப்பி அனுப்பிய குரல் அது. உரக்கவும் இல்லை, குழையவும் இல்லை.

"அண்ணே, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இவன் என் தம்பி. மாலை போடல. சாமி இல்ல. இது பூஜையும் இல்ல, போட்டோ. நாளைக்கு நான் பொம்பளைங்களுக்கு டிரைவிங் ஸ்கூல் தொறக்கறேன். வேலைய விட்டுட்டு இதுல எறங்கியிருக்கேன். பேனருக்கு என் வண்டி படம் ஒம்பது மணிக்குள்ள போயாகணும். இப்ப நீங்க லைட்டை அணைச்சாதான் நடக்கும். அணைச்சீங்கன்னா, முடிஞ்சதும் உங்க எல்லார் வண்டியையும் இவன் இதே மாதிரி படம் எடுத்துத் தருவான்."

"அக்கா சொல்லுதுல்ல, ஆப் பண்ணுங்கடா!" என்றார் ஆட்டோக்காரர். படபடவென்று எல்லா விளக்கும் அணைந்தன. தண்ணீர் லாரிக்காரர் எஞ்சினையும் சேர்த்து அணைத்தார். என்னால் ஆகாத இருட்டை என் அக்கா நாலு வார்த்தையில் வரவழைத்துவிட்டாள். அடேங்கப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அத்தோடு அவள் நிற்கவில்லை. என் கையிலிருந்த விளக்குக் குச்சியை வாங்கிக்கொண்டாள். மாமாவின் கறுப்பு ஜெர்கினைச் சுடிதாருக்கு மேல் மாட்டி, துப்பட்டாவைக் கழற்றி வைத்தாள்.

"நீ விழுந்து வைப்ப. நானே நடக்கறேன். எந்த வேகத்துல போகணும்?"

"ஒரே சீரா, அக்கா. விளக்கு கேமராவைப் பார்க்கக் கூடாது, வண்டியத்தான் பார்க்கணும். எங்கயும் நிக்கக் கூடாது."

"கிளட்ச்ச விடுற மாதிரி. அவ்வளவுதானே?"

நான் பார்த்த அத்தனை வீடியோவிலும் ஒருத்தர்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

இதற்கிடையில் ஆட்டோக்காரரின் மனைவி கைக்குழந்தையோடு என்னிடம் வந்துவிட்டார். "சாமியோ இல்லியோ, கறுப்பு கட்டிக்கினு கீறீங்க. புள்ள தலைல கைய வையுங்க" என்றார். நான் பானெட் ஓரமாக நின்றிருந்தேன். சரி, இதற்குமேல் என்ன மானம் போகப்போகிறது என்று கையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து அக்கா குரல் கொடுத்தாள்.

"ரெடி! யாரும் அசையாதீங்க!"

அந்தம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று நகர்ந்துவிட்டார். மாமா பொத்தானை அமுக்கினார். நான் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்று கேட்கிறீர்கள். சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிட்டது, காலில் முள் எடுத்தது, கண்ணில் விழுந்த தூசியை ஊதியது எல்லாம் அக்காதான். ஒவ்வொரு முறையும் "அசையாதடா" என்பாள். அசைந்தால் மண்டையில் ஒரு குட்டு விழும். நின்றால் ஆவியாகப் பதிவாய் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த நிபுணன், அக்கா குரல் கேட்டதும் தூக்கிய கையோடு அப்படியே உறைந்துவிட்டேன். அவளுடைய விளக்கு என்னைத் தாண்டிப் போய், பின்சக்கரம் வரைக்கும் போன பிறகுதான் மூளை வேலை செய்தது. ஒரே பாய்ச்சலாகத் துள்ளி ஓடி, மழைத்தண்ணீர்க் குட்டையில் விழுந்தேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீராக, ஒரே தாளத்தில், காரை முழுசும் தடவி மறுபடி முன்பக்கம் வந்து முடித்தாள்.

நான் சேறும் சகதியுமாக எழுந்து வந்து கேமராவைப் பார்த்தேன். இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சிவப்புக் கார் மட்டும் எழுந்து வந்த மாதிரி இருந்தது. கூரையின் வளைவில் வெளிச்சம் ஒரே இழையாக ஓடியது. கீழே ஈரத்தரையில் இன்னொரு சிவப்புக் கார் தலைகீழாக மின்னியது. இடது கதவில் இருந்த ஒரு நசுங்கலை மறைத்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன், அக்கா அதையும் விடாமல் தடவியிருந்தாள். அதுகூட அழகாக இருந்தது. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "யப்பா, கண்ணே பட்டுடும் போலகீது" என்றார். விளக்கைப் பிடித்துக் காரைச் சுற்றி நடந்த அக்கா படத்தில் எங்கேயும் இல்லை. முன்பக்க ஓரத்தில் மட்டும் லேசாகப் புகை மாதிரி ஏதோ தெரிந்தது.

"அது என்னடா?" என்றாள் அக்கா.

"பனி, அக்கா" என்றேன். கார்த்திகை மாசமாயிற்றே.

மணி ஒன்பதாகச் சிறிது நேரமே இருந்தது. படத்தைப் போனுக்கு மாற்றி ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன். கொடுத்தது அக்காவின் வாக்கு என்பதால் மூன்று ஆட்டோ, பைக், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். லாரிக்காரர் டேங்கைத்தான் பல கோணத்தில் எடுக்கச் சொன்னார். அதில் எனக்கு நல்ல அனுபவம் இருந்தது.

விடிந்ததும் மாமா போன் பண்ணினார்.

"மச்சான், நீ உசுரோடதான கீற?"

"என்ன மாமா காலங்காத்தால?"

"இல்ல, பேனரப் பாத்தேன். ஒரு சந்தேகம். சட்டுனு கெளம்பி வா."

சுமதி கிண்டிய கேசரியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு கோவில்பதாகைக்கு ஓடினேன். கட்டடத்தின் முகப்பு முழுக்கப் பேனர். நடுவில் சிவப்புக் கார், பிரமாதம். காருக்கு முன்னால் ஆளுயரத்தில் நான். கறுப்பு வேட்டி, தாடி, தூக்கிய வலது கை. உடம்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தது. என் வயிற்றுக்குள் காரின் ஹெட்லைட் இருந்தது. நான் நின்ற பாதி நேரமும் ஓடிய பாதி நேரமும் சேர்ந்து செய்த வேலை அது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம். காலடியில் எரியும் குத்துவிளக்கு. கீழே கொட்டை எழுத்தில் "ஆசியுடன்".

ஃபிளெக்ஸ் கடையில் வடிவமைக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: "லேசாத்தான் சார் இருந்தாரு. குடும்பத்துல தவறிப்போனவரு போலன்னு நான்தான் கொஞ்சம் எடுப்பா பண்ணிவிட்டேன். வெளக்குக்கு எக்ஸ்ட்ரா எதுவும் போடல."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் கடை திறந்தால் காலமான அப்பா படமோ மாமனார் படமோ மேலே இருந்து ஆசீர்வதிக்காமல் எந்தப் பேனர் நின்றிருக்கிறது? நான் அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்ப கழட்டினா வெறும் சுவருதான் நிக்கும். இருக்கட்டும். வண்டி நல்லா வந்திருக்கு பாரு" என்றாள்.

அவமானத்தில் நான் பின்கட்டுக்குப் போய்க் கேசரியைத் தட்டில் வைக்கும் வேலையில் மறைந்துகொண்டேன். பத்து மணிக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்துத் தெரு, ஆவடி, பூந்தமல்லி என்று வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் பேனரைப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தினார்கள். அக்காவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்கள். கேசரியைச் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். வெளியே போய் ரோட்டோரம் கூடிக் கூடி நின்றார்கள். ஒருத்திகூடச் சேருவதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வாசலில் நின்ற மாமாதான் காதில் விழுந்ததை வந்து சொன்னார்.

"மச்சான், வெளிய இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? சின்ன வயசு, பாவம், கார்லதான் போய்ட்டாராம்ன்றாங்க. ஒரு அம்மா, 'இந்த வண்டியிலயேவா'ன்னு எங்கிட்டயே கேக்குது!"

எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. வண்டிக்கு முன்னால் செத்தவன் படத்தை மாட்டி, வா வந்து கற்றுக்கொள் என்றால் எவள் வருவாள்? வேலையை விட்டு இதில் இறங்கிய என் அக்காவின் ஸ்கூலை, திறந்த அன்றைக்கே நான் இழுத்து மூடிவிட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

அக்கா உள்ளே வந்தாள். மாமா சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். என் கையைப் பிடித்து, சின்னப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போகிற மாதிரி தரதரவென்று வாசலுக்கு இழுத்துப்போனாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "ஏறு" என்றாள். ஏறினேன். பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆளிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். பேனர்ல இருக்கறது என் தம்பி பாஸ்கர். அவன் சாகல. இதோ நாக்காலி மேல நிக்கறான் பாருங்க. நேத்து போட்டோ எடுக்கறப்ப நகர வேண்டிய நேரத்துல நகராம நின்னுட்டான், அதான் அப்படி. அவனுக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், சொல்லிக்கொடுக்கவும் தெரியும். பயப்படாம வாங்க."

நான் நாற்காலி மேல் நின்று கும்பிட்டேன். வேறென்ன செய்வது? ரோடே நின்று பார்த்தது. எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

கூட்டத்திலிருந்து பூந்தமல்லிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். பேர் ஃபரீதா. புர்காவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அல்லா, நல்ல ஆளு தம்பி நீங்க. உங்களுக்காக நெசமாவே அழுதுட்டேன்" என்று என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு காரிடம் போனார். காரைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். இடது கதவைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த நசுங்கலு படத்துலயும் இருக்கே?"

"ஆமாங்க. நான் ஓட்டிப் பழகுன புதுசுல கேட்ல இடிச்சது" என்றாள் அக்கா.

"நீங்களே இடிச்சதா?"

"நானேதான்."

ஃபரீதா பெருமூச்சு விட்டார். "அப்ப சரி. இடிச்சா திட்ட மாட்டீங்க. எம் பேர எழுதிக்கோங்க."

அவருக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். கேசரி தீர்ந்துபோய் சுமதிக்குப் போன் போட வேண்டியதாகிவிட்டது. இன்றைக்கு அக்காவிடம் இரண்டு கார்கள். ஃபரீதா பூந்தமல்லி நெரிசலில் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது, அவ்வளவு தைரியம். ஊரிலிருந்து அம்மா மட்டும், "செத்துட்டான்னு சேதி பரவினா ஆயுசு கெட்டிடா" என்று சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுகிறாள்.

பேனரை அக்கா கழற்றவே இல்லை. வெயிலில் எல்லாம் வெளுத்துவிட்டது, நான் இன்னும் கொஞ்சம் ஊடுருவித் தெரிகிறேன். புது மாணவிகள் சேரும் முதல் நாள் அவர்களை அதன் முன்னால் நிறுத்தித்தான் பாடம் தொடங்குகிறாள். "ரோட்டுல போறதா நிக்கறதான்னு முடிவு பண்ணாம நடுவுல நின்னா இந்த கதிதான். இவன் என் தம்பி."

போன வாரம் நான் ஏதோ வேலையாக அங்கே போனபோது அந்தப் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு சின்னப் பெண் என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேடம், அவர் ஏன் கையைத் தூக்கிட்டு நிக்கறாரு?" என்று கேட்டாள்.

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அவனுக்கு இண்டிகேட்டர் வேலை செய்யலம்மா. அதான் கையக் காட்டறான்."